அண்ணி கேட்ட ஓட்டு

அந்தப் புரட்டாசியில் என் கைகள் மட்டுமே ஒழுங்காக இருந்தன. மருந்தை ஊற்றினால் அளவு பிசகவில்லை. சீசாவில் ஒட்டும் சீட்டில் எழுத்து கோணவில்லை. கால்கள்தான் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கும் மருந்து அலமாரிக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தேன். நோயாளி வந்தால் நிற்பேன், போனதும் மறுபடி நடப்பேன். மூன்று மனிதர்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

நான் வேலூரில் மருந்து கலக்கப் படித்தவள். படிப்பு முடிந்ததும் ஆரணியில் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியிலேயே கம்பவுண்டர் வேலை கொடுத்தார்கள். ஊரில் என்னைச் சீசாக்காரம்மா என்பார்கள். வீட்டில் நானும் அண்ணியும் மட்டும். அண்ணன் தை மாதத்துக் காய்ச்சலில் இறந்துபோனான். என் அலமாரியில் இருந்த எல்லா மருந்தையும் கொடுத்துப் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

எழுத வேண்டியது தறியைப் பற்றி. எங்கள் வேதக்கோயிலுக்குப் பின்னால் சபைக்குச் சொந்தமான ஒரு நீளமான தறிக்கொட்டகை இருக்கிறது. மேலே நல்ல நாட்டு ஓடு. எந்த மழைக்கும் ஒழுகாது. நெய்கிறவர் காலை இறக்கி உட்காருகிற குழிகள் அதில் வரிசையாக உண்டு. எங்கள் வீடு கூரை வீடு. மழைக்காலத்தில் கூரையின்கீழ்ப் பட்டு நெய்ய முடியாது. ஒரு சொட்டு விழுந்தாலும் சாயம் பரவிவிடும். ஆகவே அண்ணன் கொட்டகையில் ஒரு குழியில் உட்கார்ந்து நெய்தான். அவன் போன பிறகு, பாதியில் நின்ற புடவையை முடிக்க அண்ணி அந்தக் குழிக்குள் இறங்கினாள். அதுவரை அவள் இழை சுற்றிக் கொடுத்தவள், நீளவாட்டு இழையான பாவைக் கஞ்சியில் தோய்த்தவள், தறியில் உட்கார்ந்ததில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் உட்காருவதில்லை. முதல் முழம் பார்க்கச் சகிக்கவில்லை. மூன்றாவது முழத்தில் எது அண்ணன் நெய்தது, எது அவள் நெய்தது என்று எனக்கே தெரியவில்லை.

சபையில் ஆண்டுக்கு ஒருமுறை மூப்பர்களைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் கூடும். பாதிரித் துரை அதை ‘வோட்’ என்பார். எங்கள் வாயில் அது ஓட்டு. சட்டம் சின்னது: தறிக்காரர் வீட்டுக்கு ஓர் ஓட்டு. ஓட்டு உள்ள வீட்டுக்கே கொட்டகையில் குழி.

அந்த வருஷக் கூட்டத்தில் காரியதரிசி ஆண்கள் பக்கம் கை எண்ணிக்கொண்டு வந்தார். பெண்கள் பாயிலிருந்து ஒரு கை உயர்ந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணியின் கை.

காரியதரிசி சிரித்தார். “சகோதரி, இது ஜெபம் இல்ல. கையைக் கீழ போடுங்க.”

“தெரியுங்க. ஓட்டுக்குத்தான் தூக்கினேன்.”

ஆண்கள் பக்கம் சலசலப்பு. பின்வரிசையில் ஒருவர் கேட்டார், “இன்னாவாம்?”

“அந்தப் பொண்ணு ஓட்டைக் கேக்குதாம்பா.”

“எதுக்கு? அது வூட்டுக் கூரையில இல்லாத ஓட்டையா?”

கோயில் முழுக்கச் சிரித்தது. பெண்கள் சிலரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அண்ணி கையை இறக்கவில்லை. “எண்ணிட்டு அப்புறம் சிரிங்க” என்றாள்.

காரியதரிசி எண்ணவில்லை. அதோடு விடவும் இல்லை. ‘தறிக்காரர்’ என்றால் ஆண், அந்த வீட்டில் ஆண் இல்லை, ஆகவே அந்த வீட்டுக்கு ஓட்டு இல்லை, ஓட்டு இல்லையென்றால் குழியும் இல்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். அவருடைய மைத்துனர் ஒரு குழிக்காகக் காத்திருந்தார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அண்ணி எதிர்த்து மனு கொடுத்தாள். எழுதியது நான், சொன்னது அவள். மேல்சபை அதைப் படித்துவிட்டு, விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல மூன்று பேரை நியமித்தது. மூவரில் இருவர் சொல்வதே தீர்ப்பு.

மூவரையும் எனக்குத் தெரியும். மூவருமே என்னிடம் மருந்து வாங்குகிறவர்கள். அதனால்தான் தீர்ப்பை முன்கூட்டியே கணித்துவிடும் ஆசை எனக்கு வந்தது. பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முறை ஒன்று உண்டு: நோயாளி தன் நோய்க்கு என்ன பெயர் சொல்கிறான் என்று கேட்காதே, நாக்கைப் பார், கண்ணைப் பார், நாடியைப் பார், பார்த்ததை வரிசையாக எழுது, பெயர் கடைசியில் தானே வரும். அதே முறையில் மூன்று மனிதர்களைப் பார்க்க முடியாதா? சீசாச் சீட்டு ஒன்றின் பின்புறம் மூன்று வரி எழுதிக்கொண்டேன். சேவூர், சந்தவாசல், துரை.

சேவூர் என்று எழுதியது அங்கே பள்ளிக்கூடம் நடத்துகிற வாத்தியாரை. வயிற்றுப் புளிப்புக்காக மருந்து வாங்க வருவார். வந்தால் முதலில் சீட்டைப் படிப்பார், பிறகுதான் சீசாவை வாங்குவார். எங்கள் ஆஸ்பத்திரிப் பலகையில் யாரோ ‘காலை வேலை’ என்று எழுதிவைத்திருந்ததை, “வேலை செய்யவா வர்றாங்க இங்க? வேளைம்மா, வேளை” என்று சொல்லித் தானே சுண்ணாம்பால் திருத்தினவர். எழுத்தை விட்டு ஓர் அங்குலம் நகராதவர். தம் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் போதும், வாய்ப்பாடு வேண்டாம் என்று வைத்திருப்பவரும் அவர்தான். அவர் பெயருக்கு எதிரே ‘மாட்டார்’ என்று எழுதினேன். யோசிக்கவே இல்லை.

துரையைப் பற்றி எழுதுவதற்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நல்ல மனுஷர். யார் மனமும் நோகக் கூடாது அவருக்கு. ஆஸ்பத்திரிக்கு எந்தத் தைலம் வரவழைப்பது என்று நானும் நர்ஸம்மாவும் ஒருமுறை வாதாடியபோது, இரண்டையும் வரவழைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனவர். ஆனால் ஒருவர் சொல்லுக்கு மட்டும் அவர் மறுசொல் சொல்லிப் பார்த்ததில்லை. கப்பலைவிட்டு இறங்கி இந்தப் பக்கம் வந்த புதிதில் அவருக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்த சந்தவாசல் உபதேசியார் அவர். இப்போது வேலையிலிருந்து ஓய்ந்து, சந்தவாசலிலேயே தம்பியின் சூளைக்குப் பக்கத்தில் இருக்கிறார். துரையின் வரிக்கு எதிரே ‘சந்தவாசல் எப்படியோ அப்படி’ என்று எழுதினேன்.

ஆக எல்லாம் சந்தவாசலில் வந்து நின்றது. அந்த வரி மட்டும் வெறுமையாக இருந்தது. இரண்டு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். போய்க் கேட்கலாம் என்றால் நீதி சொல்கிறவரை வீடு தேடிப் போவது சரியில்லை. அவரே ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

காது அடைத்துக்கொண்டதாம். உள்ளே கரகரவென்று ஏதோ ஓடுகிறதாம். பார்த்தேன், பூச்சி ஒன்றும் இல்லை, அழுக்குதான் இறுகிப்போயிருந்தது. இளக்குவதற்குக் கிளிசரின் விட்டு, இரண்டு காதிலும் பஞ்சு அடைத்தேன். மூன்று நாள் கழித்து வந்தால் கழுவிவிடுவதாகச் சொன்னேன். அவர் எழுந்து மேல்துண்டை உதறினார். கிளம்பப் போகிறார். என்னால் இருக்க முடியவில்லை.

“ஐயா, தப்பா நினைக்காதீங்க. எங்க அண்ணி கேக்கற ஓட்டைக் குடுக்கலாமா, கூடாதாங்க?”

அவர் சற்றுக் குனிந்து என் வாயைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. “உங்க அண்ணிக்கா? ஓட்டைக் குடுத்தா இன்னா இப்ப? குடுக்கத்தான் வேணும். பாவம், ஒண்டியாப் பாடுபடுது.”

“நெஜமாவாங்க?”

“மழைக்கு முந்தி குடுத்துடணும். மழை புடிச்சிகினா அப்புறம் பேஜாரு.”

மழை பிடித்துவிட்டால் கமண்டல நாகநதியில் தண்ணீர் வரும், சந்தவாசல் பக்கமிருந்து வண்டிகள் வராது, விசாரணை தள்ளிப்போகும். அதைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். எவ்வளவு நடைமுறை தெரிந்த மனுஷர் என்று வியந்தேன். அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, சீட்டை எடுத்து, அவர் வரியில் ‘கொடுப்பார்’ என்று எழுதினேன். துரையின் வரி தானாக நிரம்பியது. வாத்தியார் மாட்டார். மூன்றில் இரண்டு நமக்கு.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அண்ணி அப்போது ஒரு முடிவு எடுக்காமல் தவித்துக்கொண்டிருந்தாள். தறியில் இருந்த பாவு முடியும் தருவாயில் இருந்தது. புதுப் பாவை ஏற்ற வேண்டும் என்றால் பழைய இழைகளின் நுனியோடு புது இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். நாள்கணக்கில் ஆகும், கண் போய்விடும். சேர்த்த பிறகு குழியை விட்டுப் போகச் சொன்னால் அத்தனையும் வீண். சேர்க்காமல் காத்திருந்தால் ஐப்பசிக்குள் புடவை இறங்காது.

“பாவைச் சேத்துடு அண்ணி. குழி உனக்குத்தான்” என்றேன்.

“யாரு சொன்னது?”

சீட்டைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியும், மெதுவாகப் படித்தாள். “இது இன்னா, நீயே தீர்ப்பு எழுதிட்டு வந்துக்கற?”

“தீர்ப்பு இல்ல. குறி பாத்து எழுதினது.”

“நாடி புடிச்சியா மூணு பேருக்கும்?”

“ஒருத்தருக்குக் காதே பாத்தேன். அவர் வாயாலயே சொன்னாரு.”

அண்ணி சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். “நீ சொன்னா சரிதான் பாப்பா. நீ அளந்து ஊத்தறவ.” மறுநாள் விடிந்ததும் இழை சேர்க்க உட்கார்ந்தாள். விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு முறுக்கிக்கொண்டே இருந்தாள். நான் ஒவ்வொரு மாலையும் போய் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பேன். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. சீட்டை எடுத்துப் பார்ப்பேன், மடித்து வைப்பேன், மறுபடி எடுப்பேன்.

விசாரணை கோயிலிலேயே நடந்தது. பீடத்துக்குக் கீழே மேசை போட்டு மூவரும் உட்கார்ந்தார்கள், நடுவில் துரை. காரியதரிசி முதலில் பேசினார். தறிக்காரர் என்று நம் முன்னோர் எழுதினபோது பெண்ணை நினைத்து எழுதவில்லை என்றார். பெண் கை தூக்கினால் நாளைக்குக் கைக்குழந்தையும் தூக்கும் என்றார். அண்ணி எழுந்து நின்று, “சட்டத்துல தறின்னுதாங்க போட்டுக்குது. மீசைன்னு போடல. தறி என்னுதுங்க. நெய்யறது நானுங்க” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

துரை வழக்கப்படி கண்ணாடியைத் துடைத்தார். வயதில் இளையவர் முதலில் சொல்லட்டும் என்று வாத்தியார் பக்கம் கையைக் காட்டினார்.

வாத்தியார் சட்டப் புத்தகத்தைக் கண்ணுக்கு அருகே பிடித்துக்கொண்டார். “எனக்கு இந்த அம்மா ஓட்டுப் போடறது புடிக்கலைங்க. அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா இங்க எழுதியிருக்கறது தறிக்காரர். தறிக்காரன் இல்லை. ரகர மெய் ஆணுக்கும் வரும், பொண்ணுக்கும் வரும். ஆணை மட்டும் சொல்றதா இருந்தா தறிக்காரன்னு எழுதறதுக்கு மையா போதல? எழுதினவங்க எழுதிட்டாங்க. எழுத்துப்படி இந்த அம்மா தறிக்காரர்தான். ஓட்டு உண்டு.”

‘மாட்டார்’ என்று யோசிக்காமலே நான் எழுதின மனுஷர்! அண்ணியின் கையைப் பாயின்மேலேயே பிடித்து அழுத்தினேன். மூன்றில் மூன்றுமே கிடைக்கப் போகிறது என்று நினைத்தேன். காரியதரிசியின் முகம் சுண்டிப்போயிருந்தது.

துரை உபதேசியார் பக்கம் திரும்பினார். “ஐயா சொல்லுங்கள். இந்த அம்மாளுக்கு ஓட்டைக் கொடுக்கலாமா?”

“குடுக்கலாங்க, குடுக்கலாம்” என்றார் உபதேசியார். “நான்தான் எப்பவோ சொல்லிட்டேனே. சூளையில எடுத்தும் வெச்சாச்சு.”

யாருக்கும் புரியவில்லை. “சூளையிலா?” என்றார் துரை.

“ஆமாங்க. தம்பிகிட்ட சொல்லி நல்லா வெந்ததாப் பொறுக்கி அடுக்கி வெச்சிகிறேன். கூரைக்கு எவ்ளோ வேணுமோ ஏத்திகினு வந்துடலாம்.”

பிறகு பின்வரிசையில் அதே பழைய குரல், “அட, ஐயா ஓட்டைச் சொல்றாருய்யா, ஓட்டை!” என்றது. மறுபடியும் கோயில் முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. மூன்று நாளில் காது கழுவ வரச் சொன்னவர் வரவே இல்லை; என் கண்முன் இரண்டு வெள்ளைப் பஞ்சு உருண்டைகள் தெரிந்தன. அடைத்தவள் நான். அடைத்துவிட்டுக் கேள்வி கேட்டவளும் நான்.

வாத்தியார் உபதேசியாரின் காதருகே குனிந்து, கூரைமேல் போடுகிற ஓடு இல்லை, மூப்பரைத் தேர்ந்தெடுக்கக் கை தூக்குகிற ஓட்டு, இரண்டும் வேறு சொல், ஐ சேர்த்தால் ஒரே மாதிரி ஆகிவிடும் என்று இலக்கணத்தோடு விளக்கினார். உபதேசியார் கேட்கக் கேட்க முகம் மாறியது.

“கை தூக்கறதா? பொம்பளையா?” என்றார். “அதெல்லாம் வாணாங்க. வழக்கம் இல்ல. நான் வேற இன்னாவோன்னு இல்ல நினைச்சிகினு இருந்தேன்.”

துரை யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடியை மறுபடி கழற்றினார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. “ஐயா சொல்வதுபோல், இந்த வருஷம் வேண்டாம்” என்றார். ‘சந்தவாசல் எப்படியோ அப்படி.’ நான் எழுதியதில் அந்த ஒரு வரி மட்டும் எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி தண்ணீர் குடித்தாள். “அந்தச் சீட்டு எங்க?” என்றாள். எடுத்துக் கொடுத்தேன். கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, “வாத்தியாரு நல்லவரு இல்ல? புடிக்காமலே குடுத்தாரே” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். பாவு முழுவதும் சேர்த்தாகிவிட்டிருந்தது. ஒரு சாண் நெய்தும் இருந்தாள்.

குழியை ஒழிக்க அந்த மாதக் கடைசிவரை தவணை கொடுத்தார் காரியதரிசி. பாவை அறுக்காமல், இழை கோத்த அச்சோடு விழுதோடு அப்படியே சுருட்டி, வெள்ளை வேட்டியில் பொதிந்து, வீட்டு நடுவில் பலகைமேல் வைத்தோம். பிணத்தைக் கிடத்தினதுபோல் இருந்தது. இரவில் காற்று ஈரமாக அடித்தால் இருவரும் எழுந்து கூரையைப் பார்ப்போம். ஜவ்வாது மலைப்பக்கம் தினமும் மேகம் கட்டியது. நான் அவளிடம் மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தபோது, “மருந்து கலக்கறவ மருந்தைக் கலக்கு. இனிமே மனுஷனைக் கலக்காத” என்றாள். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

மழைக்கு முந்தின வாரம் வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஓடுகள். பின்னால் இன்னொரு வண்டியில் ஓட்டைத் தாங்கும் சட்டத்துக்குப் பனங்கைகள். முதல் வண்டியிலிருந்து உபதேசியார் இறங்கினார்.

“ஓட்டைக் குடுக்கறேன்னு சொன்னேன் இல்ல? ஜல்தி எறக்குங்க. வானத்தைப் பாரு.”

அண்ணி வாசற்படியைவிட்டு நகரவில்லை. “ஐயா, நான் கேட்டது இந்த ஓட்டு இல்லீங்க.”

“தெரியும்மா. அதை நான் குடுக்கல. இதைக் குடுக்கறேன்னு உங்க நாத்தனாகிட்ட வாக்கு சொல்லிட்டேன்.”

“அதை வெச்சிகினு இதைக் குடுக்கறீங்களா?”

“இன்னா?”

“அதை வெச்சிகினு இதைக் குடுக்கறீங்களான்னு கேட்டேன்!” கத்தினாள். தெருவே எட்டிப் பார்த்தது.

அவர் கொஞ்சம் யோசித்தார். “ஆமா” என்றார்.

அந்த நேர்மைக்கு அண்ணி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முந்தானையை இடுப்பில் செருகி வண்டியின் பின்பக்கம் போனாள். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். கூரையைப் பிரித்து, பனங்கை ஏற்றி, ஓடு வேய்ந்து முடித்தபோது முதல் மழை வந்தே விட்டது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தோம். ஒழுகவில்லை. மழை விடுவதற்குள் அண்ணி நடுவீட்டில் மண்வெட்டியால் குழிக்குக் கோடு போட்டுவிட்டாள்.

தன் வீட்டில், தன் குழியில், தன் தறி. கொட்டகையைக் காட்டி அவளைப் பயமுறுத்த இப்போது யாராலும் முடியாது. அது அவளுக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்திருக்கிறது. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் காரியதரிசி எண்ண ஆரம்பிக்கும் முன்பே அவள் கை மேலே போய்விட்டது. அவர் எண்ணவில்லை. மறுபடி மனு, மறுபடி அதே மூவர்.

விசாரணைக்கு முன் உபதேசியார் காதைக் காட்ட வந்தார். இந்தத் தடவை முதலில் நன்றாகக் கழுவினேன். எதிரே நின்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன்.

“ஐயா, கை தூக்கற ஓட்டு. வூட்டுமேல போடற ஓடு இல்லீங்க. எங்க அண்ணிக்கு அது உண்டா?”

“எனக்கு நல்லாக் கேக்குது. கத்தாத” என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த வூட்டுத் தறி ஓடுதா?”

“விடிஞ்சா ஓடுதுங்க.”

“அதுவேதான் நெய்யுதா?”

“அதுவேதாங்க.”

“ம்” என்றார். உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மேல்துண்டின் ஒரு முனையைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தார்.

என் இடுப்பு மடியில் புதுச் சீட்டு இருந்தது. சேவூர், சந்தவாசல், துரை. சந்தவாசலுக்கு எதிரே நான் எதையும் எழுதவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்த பிறகே, சீசாவைத் திறந்து கிளிசரின் விட்டு அவர் காதில் பஞ்சு வைத்தேன்.